தொடாமல் படித்த இன்ஜினியரிங்

துறையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளைப் பொறியாளர்களாக்கியே தீருவேன் என்று கிளம்பினார் தாளாளர் தணிகாசலம். கண்ணாடி அலமாரி நிறைய மோட்டாரும் பல்சக்கரமும் வாங்கி அடுக்கி, யானையைக் கட்டுகிற மாதிரிப் பூட்டும் போட்டார். "தொட்டால் கெட்டுப்போகும். பார்த்தே கத்துக்குங்க!"

பிள்ளைகளும் இரண்டு வருஷம் பார்த்தார்கள்.

ஆய்வுக்கு அதிகாரியம்மா வந்து நின்ற நேரம் சாவியைக் காணோம். அலமாரி திறக்காவிட்டால் பள்ளியின் அங்கீகாரமே போய்விடும். தாளாளர் சட்டைப்பையை மூன்றாவது முறையாகத் துழாவினார்.

"நான் திறக்கட்டுமா சார்?" என்றாள் ஒன்பதாம் வகுப்பு செங்கமலம்.

"பூட்டை உடைக்கக் கூடாது, கண்ணாடியில கீறல் விழக் கூடாது. கிழிப்பியா நீ?"

அவள் வாட்ச்மேனிடம் திருப்புளி வாங்கி வந்து கீல்களின் திருகாணிகளைக் கழற்றினாள். பூட்டு பூட்டியபடியே இருக்க, இரண்டு கதவும் கையோடு வந்தன. உள்ளே அத்தனை மோட்டாரும் பிரிக்காத பாலித்தீன் உறையில் பளபளத்தன.

"இதையெல்லாம் தொடாமலே இவ்வளவு எங்கேம்மா கத்துக்கிட்டே?" என்றார் அதிகாரி.

"இங்கேதான் மேடம். உள்ளே இருக்கிறதைத்தான் சார் தொடக் கூடாதுன்னார். வெளியே இருந்த திருகாணிங்களைக் கழட்டி மாட்டித்தான் ரெண்டு வருஷமாப் படிக்கிறோம்."

"கதவை மாட்டு" என்று பல்லைக் கடித்தார் தாளாளர்.

"வேண்டாம்" என்றார் அதிகாரி. "அது கழன்றபடியே இருக்கட்டும். அப்பதான் அங்கீகாரம்."