கொன்றை சொன்ன வணக்கம்

வாயில்லா ஜீவன் என்று எதையும் சொல்ல முடியாத ஒரு காலம் இருந்ததாம். அந்தக் காலத்தில் ஒரு மூங்கில் காட்டில் யானைக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம். விடிந்ததும் ஒருவர் வாயில் ஒருவர் தும்பிக்கை நுனியை வைத்து வணக்கம் சொல்ல வேண்டும். மருதியின் மகள் கொன்றை மட்டும் அதைச் செய்ய மாட்டாள். யாராவது தும்பிக்கையை நீட்டினால் காதை மடக்கிக்கொண்டு விலகிவிடுவாள். பேச்சும் வரவில்லை.

ஆளாளுக்குச் சொன்ன யோசனைகளைக் கேட்டு மருதிக்குக் காது புளித்துப் போயிற்று. புற்றுமண் பூசச் சொன்னார்கள், பூசினாள். நடு ஆற்றில் ஏழு முறை முக்கச் சொன்னார்கள், முக்கினாள். கொன்றை நடுநடுங்கி அழுததுதான் மிச்சம். அன்றோடு மருதி வைத்தியத்தை நிறுத்திவிட்டு, மகளை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள்.

கோடையில் ஆறு வற்றியது. கூட்டம் மலை தாண்டிப் போக வேண்டும். புறப்படும் நேரத்தில் மருதியின் அக்காள் வாகை வழியை மறித்தாள்.

"வணக்கம் சொல்லத் தெரியாததை வரிசையில் சேர்க்க முடியாதடி. பாசமே இல்லாத பிள்ளை அது. சுமந்தபோது என்ன பாவம் செய்தாயோ!"

தண்ணீரில்லாத காட்டில் தங்கினால் என்ன ஆகும் என்று மருதிக்குத் தெரியும். ஆனாலும் மகளின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேரும் இங்கேயே இருந்துகொள்கிறோம், அக்கா. பாசம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. அவள் காலைப் பார்."

கொன்றை வாகையின் அருகே வந்து முன்காலால் தரையைத் தட்டினாள். மெதுவாக இரண்டு, வேகமாக ஒன்று. பிறகு தலைவி பெரியாத்தாவிடம் போய் நான்கு தட்டு.

தினமும் பார்க்கிற கிறுக்குத்தானே என்றாள் வாகை.

"ஆளுக்கு ஒரு விதமாகத் தட்டுகிறாள், அக்கா. உனக்கு நேற்றும் இதேதான், முந்தாநாளும் இதேதான். ஒருவரையும் ஒரு நாளும் அவள் விட்டதில்லை."

யானைக்கு உள்ளங்காலிலும் கேட்கும். தினமும் விடியலில் மண்ணுக்குள் வந்த அந்த நான்கு அதிர்வு பெரியாத்தாவுக்கு நினைவு வந்தது.

"தினமும் எனக்கு முதல் வணக்கம் சொன்னது இவள்தானா? பதில் சொல்லாத மரியாதை கெட்டவள் நான்தான்," என்றாள். கனத்த காலைத் தூக்கி நான்கு முறை தட்டினாள்.

கொன்றையின் மடங்கிய காதுகள் விரிந்தன. தானாகவே வந்து பெரியாத்தாவின் நிழலில் நின்றாள்.

வாகையும் தட்டிப் பார்த்தாள். தப்பாகத் தட்டினாள். கொன்றை பொறுமையாக மறுபடி தட்டிக் காட்டினாள், கூட்டமே சிரித்தது.

வரிசை மலையேறியது. கடைசியாகக் கொன்றையும் மருதியும் நடந்து மூங்கில்களுக்குப் பின்னால் மறைந்தார்கள்.

நீதி: நமக்குத் தெரிந்த வழியில் அன்பு காட்டாதவரை அன்பில்லாதவர் என்று ஒதுக்காமல், அவருடைய வழியை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.