வெறும் டிஸ்கில் நாலாயிரம் ஜாதகம்

கல்யாணம் பேசி முடிப்பதில் தென்காசிப் பக்கம் ஆவுடையப்பனையும் பிரமநாயகத்தையும் மிஞ்ச ஆளில்லை. மற்ற எல்லாவற்றிலும் ஆளுண்டு. அவர்களுடைய கல்யாணத் தகவல் நிலையத்தில் ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் உலகம்மாள். நாலாயிரத்தில் அவள் மகள் செண்பகத்தின் ஜாதகமும் ஒன்று. ஏழு இடம் வந்து, செவ்வாயைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். எட்டாவது இடம் வெள்ளிக்கிழமை வருகிறது. உலகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் கம்ப்யூட்டர்காரர் புது டிஸ்க் மாட்ட வந்தார். இரண்டு வழி உண்டு என்றார். கோப்புகளாகப் பிரித்து வைத்தால், எது எங்கே இருக்கிறது என்று நடுவில் ஓர் ஏற்பாடு பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் மெதுவு, ஆனால் பத்திரம். நடுவில் எதுவும் இல்லாமல் வெறும் டிஸ்கிலேயே நேராக எழுதினால் வேகம்.

தரகர்கள் மத்தியானம் வரை யோசித்தார்கள்.

“நடுவுல ஆள் இல்லாமலே காரியம் நடக்கும்னா நாம எதுக்கு வே இருக்கோம்?” என்றார் பிரமநாயகம்.

“நடுவுல ஆள் இருந்தா எவ்வளவு இழுக்கும்னு நமக்குத் தெரியாதா? நாமதானே இழுக்கோம்” என்றார் ஆவுடையப்பன்.

வெறும் டிஸ்க் என்று முடிவாயிற்று.

கம்ப்யூட்டர்காரர் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு, போகும்போது ஒன்று சொன்னார். நடுவில் ஏற்பாடு இல்லாததால் கம்ப்யூட்டர் கண்ணுக்கு டிஸ்க் காலியாகத்தான் தெரியும். துடைத்துத் தயார் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் கேட்டது. உலகம்மாள் திரையைப் பார்த்து வாயால் வேண்டாம் என்றாள். கேள்வி போகவில்லை. ஆவுடையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். அப்போதும் போகவில்லை. பிறகுதான் கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான் இருப்பதைக் கண்டார்கள்.

உலகம்மாள் ‘இல்லை’க்கு விரலைக் கொண்டுபோனாள். பிரமநாயகம் தடுத்தார்.

“முப்பது வருஷத்துல யாருக்காவது மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லியிருக்கோமா? ஆகட்டும்போம். செய்யமாட்டோம். கேட்டவன் புரிஞ்சிக்கிட்டுப் போயிருவான். ஆம்னே அமுக்கு தாயி.”

அமுக்கினாள். கம்ப்யூட்டர் தரகுத் தொழிலுக்குப் புதிது. சொன்னதைச் செய்துவிட்டது.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளையின் அப்பா சங்கரலிங்கம் வந்து உட்கார்ந்தார். உலகம்மாள் மகள் பெயரை அடித்தாள். கட்டம் போடுவது கம்ப்யூட்டரின் வேலை, பன்னிரண்டும் வந்தன. கிரகங்கள் டிஸ்கில் இருந்தவை, ஒன்றுகூட வரவில்லை.

சங்கரலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செவ்வாயைத் தேடினார். சனியைத் தேடினார். ராகு கேதுவையும் விடவில்லை.

“இவ்வளவு சுத்தமான ஜாதகத்தை நான் பார்த்ததே இல்லை” என்றார்.

உலகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பெற்ற மனசு கேட்குமா? பையனுடையதையும் ஒருதரம் பார்த்துவிடலாம் அண்ணாச்சி என்றாள். அதுவும் அதே டிஸ்கில்தான் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஆவுடையப்பன் கட்டம் கட்டமாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார்.

“பத்துக்குப் பத்து. அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு தாயி.”

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். பிரமநாயகம் மீதி ஜாதகங்களையும் உடனே எடுக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் நாலாயிரம் பேருக்கும் பொருத்தம் பார்த்து முடித்தாயிற்று. யாருக்கும் யாரும் பொருந்தாமல் போகவில்லை.