அந்த வீட்டில் மட்டும் ஆகஸ்ட்

பொறையாரில் டிசம்பர் பிறந்துவிட்டது. கடைத்தெருவில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. சர்ச்சுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சிகாமணியின் வீட்டில் மட்டும் இன்னும் ஆகஸ்ட் முடியவில்லை.

சிகாமணி அரசு பஸ்ஸில் கண்டக்டர். சிதம்பரத்துக்கும் காரைக்காலுக்கும் போய்வருவது அவர் வேலை. மனைவி தெபோராள். எட்டு வயதில் ஒரே மகள், பெனினா.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வசனக் காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு தாளிலும் ஒரு தேதி, ஒரு வசனம், அன்றைக்கு வாசிக்க வேண்டிய அதிகாரம். சாயங்காலம் மூவரும் பாயில் உட்கார்ந்து அதிகாரத்தை வாசிப்பார்கள். வசனத்தைச் சேர்ந்து சொல்வார்கள். சிகாமணி ஜெபம் செய்வார். ஆமென் சொன்ன பிறகுதான் தாளைக் கிழிக்கலாம். அதற்கு முன்னால் யாரும் தொடக் கூடாது. கிழிக்கும் உரிமை பெனினாவுடையது. கிழித்த தாளும் அவளுக்கே. ஜெபம் எப்போது முடியும் என்று அவள் காத்திருந்ததே அதற்காகத்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆகஸ்டில் பெனினாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆம்புலன்சில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாள் டாக்டர் சிகாமணியை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவர் என்ன சொன்னார் என்பதைச் சிகாமணி இதுவரை தெபோராளிடம் சொல்லவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வீட்டைத் திறந்து உள்ளே வந்தபோது காலண்டர் அவர்கள் புறப்பட்ட தேதியிலேயே நின்றது. தெபோராள் தாள்களை மொத்தமாகப் பிடித்துக் கிழிக்கப் போனாள். சிகாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாசிக்காம கிழிக்காத."

"இது போன மாசத்துதுங்க."

"போன மாசந்தான். நாம வாசிக்கலல்ல?"

அன்று தொடங்கியது. ஒரே சாயங்காலத்தில் இரண்டு தாள், மூன்று தாள் என்று வாசித்தார். நைட் டூட்டி வந்தால் அதுவும் வாரக்கணக்கில் நின்றுபோகும். விட்டதைப் பிடிப்பதற்குள் புதிதாக விட்டுப்போகும். சபையில் எல்லோரும் ஒரு வசனத்தைச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். இவர்கள் வீட்டுக்கு அது வந்து சேர இன்னும் பல வாரம் ஆகும். நாள் முழுக்க டிக்கெட் கிழித்துக் கொடுத்த மனிதருக்கு இந்தத் தாளைக் கிழிக்க மட்டும் கை வரவில்லை.

ஒரு நாள் மூன்றாவது அதிகாரத்தின் நடுவில் பெனினா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். சிகாமணி தோளைத் தட்டி எழுப்பினார். அவள் திடுக்கிட்டு விழித்து அழுதாள். அன்றைக்குத் தாளைக் கிழிக்க அவள் எழுந்து வரவில்லை.

"ஜெபம்னா புள்ள பயப்படுதுங்க. சாயங்காலம் ஆனாலே பக்கத்து வீட்டுக்கு ஓடிடுது" என்றாள் தெபோராள்.

பிள்ளை பயந்தது ஜெபத்துக்கு. சிகாமணி பயந்தது வேறொன்றுக்கு. விட்ட ஜெபத்தை ஈடுகட்டாவிட்டால் காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்று அவர் மனசுக்குள் விழுந்துவிட்டது. டூட்டி முடிந்து எந்த நேரத்தில் வந்தாலும் முதலில் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சட்டையைக் கழற்றுவார்.

சனிக்கிழமை மத்தியானம் போதகர் குடியிருக்கும் குருமனையில் பெற்றோருக்கான ஞானோபதேச வகுப்பு நடக்கும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதைப் பெற்றவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சபையின் ஏற்பாடு. கற்றுக்கொடுத்தவர் போதகர் கிருபாவதி. சிகாமணியைவிட ஓரிரண்டு வயது சின்னவர். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவர் என்று பெயர் வாங்கியிருந்தார். எதையாவது சொல்லித் திட்ட வேண்டும் என்று நினைப்பவர்களும் அதைத்தான் சொல்லித் திட்டினார்கள்.

பாடங்களை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பவர் சிகாமணிதான். அன்று எல்லோரும் போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"விட்ட ஜெபத்த எப்படிம்மா ஈடுகட்டுறது?"

காலண்டர் கதை முழுவதையும் சொன்னார். பிள்ளை அழுததையும் மறைக்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

போதகர் கேட்டுக்கொண்டார். "செவ்வாக்கெழம மத்தியானம் நம்ம வீட்டுக்குச் சாப்புட வாங்க" என்றார்.

"நான் கேட்டதுக்கும்மா..."

"சாப்புட வாங்கண்ணே."

செவ்வாய்க்கிழமை சிகாமணியால் போக முடியவில்லை. அடுத்த ஷிப்டு கண்டக்டர் வரவில்லை. இவரையே டபுள் டூட்டி பார்க்கச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமையும் அதே கதை. வியாழக்கிழமை மத்தியானம் காக்கிச் சட்டையோடு குருமனை வாசலில் போய் நின்றார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. டெப்போவுல விடல."

"கைய கழுவிட்டு வந்து உக்காருங்க."

இலை போட்டார். சிகாமணிக்கு நல்ல பசி. சமையல்கட்டிலிருந்து மீன் வறுக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது.

போதகர் முதலில் ஒரு சம்புடத்தைக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்தார். சிகாமணி தன்னை அறியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"சொரைக்கா கூட்டு. செவ்வாக்கெழம உங்களுக்குன்னு எடுத்து வெச்சது."

மீன் குழம்பாக இருந்தால் இரண்டாம் நாள்தான் ருசி என்று சமாளித்திருக்கலாம். இது தேங்காய் அரைத்துப் போட்ட கூட்டு. மேலே நுரை கட்டியிருந்தது.

"ஃபிரிட்ஜுல வெக்கலயாம்மா?"

"வெக்கல. சாப்புடுங்க. இத முடிச்சா நேத்து வெச்ச அவரைக்கா இருக்கு. அதயும் முடிச்சிட்டீங்கன்னா இன்னைக்குச் செஞ்ச மீனுக்கு வந்துடலாம்."

சிகாமணி அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு என்று சொல்லும்படியாக அதில் ஒன்றும் இல்லை.

"இது கெட்டுப் போச்சும்மா."

"கெட்டுத்தான் போச்சு. ஆனா உங்க பங்காச்சே. நீங்கதான வரல?"

"வரலதான். அதுக்காக இதப் போயி..."

பேச்சு பாதியில் நின்றது. சிகாமணி சம்புடத்தைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். இலை சுத்தமாக, ஈரத்தோடு, காலியாகக் கிடந்தது.

போதகர் சம்புடத்தை மூடி எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினார். கையைக் கழுவிவிட்டு, ஆவி பறக்கும் சோறும் மீனும் கொண்டுவந்து பரிமாறினார்.

"செவ்வாக்கெழம நீங்க வரல. அதுக்காக இன்னைக்கு நான் சமைக்காம இருந்தேனாண்ணே?"

சிகாமணி சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தும் இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"டூட்டியில விட்டது சரிம்மா. ஆஸ்பத்திரியில விட்டது அப்படி இல்ல. அங்க நேரம் நெறைய இருந்துச்சு. பையில வேதபுத்தகம் இருந்துச்சு. நாந்தான் வாசிக்கல."

"ஏன்?"

"தொறந்தா எழுத்து நிக்கல. ஜெபம்னு ஒக்காந்தா வார்த்த வரல. 'ஆண்டவரே, புள்ளயப் பாத்துக்கும்'னு ஒத்த வரி. அத சொல்லிட்டு அவ கட்டிலுக்குக் கீழ துண்ட விரிச்சுப் படுத்துருவேன்."

"படுத்து?"

சிகாமணி இலையைப் பார்த்தபடி சொன்னார். "அத ஏம்மா கேக்குறீங்க. தூங்கிருவேன். மேல புள்ள உசுருக்குப் போராடுது, கீழ அப்பன் தூங்குறான். நர்ஸு வந்து எழுப்புனாங்கன்னா பாத்துக்குங்க. அன்னையிலேருந்து எனக்கு மனசு ஆறல."

இதுதான் உள்ளே கிடந்தது. காலண்டர் அதற்கு மேலே போட்ட துணி.

போதகர் வகுப்பில் கேட்பது போலக் கேட்டார்.

"ராத்திரி ஜெபப் பாடம் ஒப்பிங்க பாப்போம்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

சிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். எச்சில் கையை மடக்கிக்கொண்டு ஒப்பித்தார். படுக்கப் போகும்போது சிலுவை அடையாளம் போட வேண்டும் என்றார். விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும் சொல்ல வேண்டும் என்றார். இஷ்டமிருந்தால் சொல்லக்கூடிய சின்ன ஜெபத்தையும் தடங்கலில்லாமல் சொன்னார். வழக்கம் போல ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"கடைசியில ஒண்ணு இருக்கே."

சிகாமணி யோசித்தார். அது ஜெபம் இல்லை, ஜெபம் முடிந்த பிறகு செய்ய வேண்டியது. அதனால் அதை ஒப்பிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மெதுவாகச் சொன்னார்.

"அதுக்கப்புறம்... ஒடனே நிம்மதியாத் தூங்கணும்."

"அந்தப் பாடத்த ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரியாவது விட்டீங்களா?"

சிகாமணி அழுதுவிட்டார். சத்தம் போட்டு அழுதார். எச்சில் கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போதகர் ரசத்தை எடுத்துவருகிறேன் என்று உள்ளே போய்விட்டார். ரசம் அங்கேயே, இலைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் போதகர் சிகாமணியின் வீட்டுக்கு வந்தார். தெபோராள் பாயை விரித்தாள். பெனினா கதவோரமாக நின்றாள். போதகர் வந்திருப்பதால் இன்றைக்கு நாலு தாள் ஆகும் என்று பயந்திருப்பாள், பாவம்.

சிகாமணி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அன்றைய தேதியைத் தேடி எடுத்தார். அதற்கு முன்னால் இருந்தது ஒரு கத்தை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"பெனினா. இங்க வா. கிழி."

"எத்தனப்பா?"

"இது வரைக்கும்."

"வாசிக்கவே இல்லயேப்பா."

சிகாமணி போதகரைப் பார்த்தார். போதகர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லம்மா. கிழி" என்றார் சிகாமணி.

அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முதலில் வரவில்லை. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். கத்தை பிய்ந்து வந்ததில் அவள் பின்பக்கமாகத் தெபோராளின் மடியில் போய் விழுந்தாள். தெபோராள் சிரித்தாள். அந்த வீட்டில் ஜெப நேரத்தில் சிரிப்புக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

"எல்லாம் எனக்கா?" என்று பெனினா கேட்டாள்.

"எல்லாம் ஒனக்குத்தான்" என்றார் போதகர்.

அன்றைய அதிகாரம் சின்னது. பெனினாவே வாசித்தாள். வசனத்தை நாலு பேரும் சேர்ந்து சொன்னார்கள். சிகாமணி கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். பிள்ளை பிழைத்ததற்கு நன்றி சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து, ஈடுகட்டுகிற அவசரத்தில், அதைச் சொல்ல அவருக்கு நேரமே கிடைத்திருக்கவில்லை. சொல்லச் சொல்ல இன்னும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நடுவில் கண்ணைத் திறந்து பார்த்தார். பெனினா காகிதக் கத்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பாயிலேயே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

சிகாமணியின் கை தன்னால் அவள் நெற்றிக்குப் போனது. பாதியில் நின்றது. போர்வையை எடுத்து அவள் கால் வரை இழுத்துவிட்டார்.

பிறகு தாழ்ந்த குரலில் போதகரிடம் கேட்டார்.

"ஜெபம் இன்னும் முடியலம்மா. அதுக்குள்ள தூங்கிட்டா. எழுப்பணுமா?"

"அவ பாடத்த கடைசி வரி வரைக்கும் முடிச்சிட்டாண்ணே" என்றார் போதகர். "நீங்கதான் பாக்கி. ஆமென் சொல்லிட்டுப் போய்ப் படுங்க."