மாதம் நின்ற பிறகு

மாசிலாமணிக்கு ஐம்பத்தைந்து வயது. பதினோரு வருஷமாக ஆசிரமத்துக்கு வரும் சீடர். மனசு அடங்கியதா என்று மட்டும் கேட்காதீர்கள். அன்றைக்குச் சித்திரை வெயிலில் வேகவேகமாக வந்து, குரு செண்பகத்தம்மாளிடம் ஒரு மருந்துச் சீட்டை நீட்டினார்.

“என் சம்சாரம் பையில இருந்துச்சு அம்மா. அவளுக்குத் தெரியாம எடுத்தேன். மெனோபாஸ்னு எழுதியிருக்கு. என்ன அர்த்தம்? எங்கேருந்து வந்த வார்த்தை?”

“மாசம்னு ஒரு சொல்லு, நிக்கிறதுன்னு ஒரு சொல்லு. ரெண்டும் கிரேக்கம். சேர்த்துப் பேர் வச்சவர் ஒரு பிரெஞ்சு வைத்தியர். இருநூறு வருஷம் இருக்கும்.”

“மாதவிலக்கு நின்னுபோறதா?”

“ஆமா.”

அவர் முகம் தெளியவில்லை.

“நிக்கிறதுதானே? அப்புறம் ராத்திரியில எழுந்து வாசலுக்கு ஏன் ஓடணும்? ஆறு மாசமா பாயைத் தள்ளிப் போடுறா. வேர்த்து விறுவிறுத்து உள்ளே வர்றா. கேட்டா எரிஞ்சு விழறா. இந்தப் பேர்ல அதெல்லாம் இல்லையே!”

“பேர் வச்சவருக்கு வேர்த்திருக்காது.”

“விளையாடாதீங்க அம்மா, எனக்கு வயிறு எரியுது. எவனோ வர்றான். நாளைக்கு அவளை அண்ணன் வீட்டுல கொண்டுபோய் விட்டுடப் போறேன். இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்தது போதும்.”

“அவ என்ன சொல்றா?”

“காத்துக்கு நின்னேங்கிறா. நம்புற மாதிரியா இருக்கு?”

குரு உள்ளே போனார். தடித்த கம்பளி ஒன்றை எடுத்துவந்து மாசிலாமணிக்குக் கழுத்துவரை சுற்றினார். ஜன்னலையும் சாத்தினார்.

“நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்காதே.”

இது என்ன சூழ்ச்சியோ என்று குருவின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முதுகெல்லாம் வேர்வை ஓடியது. காது இரண்டும் கொதித்தன. பக்கத்திலிருந்த இன்னொரு சீடர் பாவம், “தண்ணி வேணுமா?” என்று கேட்டார்.

“பேசாம இருய்யா!” என்று சீறினார் மாசிலாமணி. அதற்கு மேல் தாங்கவில்லை. கம்பளியை உதறிப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

குருவும் பின்னாலேயே வந்தார். தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியையும் பார்த்தார்.

“யாரைப் பார்க்க வந்தே?”

“ஐயோ, யாரையும் இல்லை அம்மா! காத்துக்குத்தான் வந்தேன்.”

“சரி. நான் நம்பிட்டேன். நீ வீட்டுக்குப் போ.”