கோமதிநாயகம் காற்றை அடைத்த கதை

செவலைப்பாறை ஊரில் கோமதிநாயகம், சுடலையாண்டி, பிச்சைக்கனி என்று மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். மூவருக்கும் சொல் என்றால் சொல்தான். ‘சும்மா இரு’ என்று யாராவது சொல்லிவிட்டால், மறுசொல் வரும்வரை இருந்த இடத்தை விட்டு அசையமாட்டார்கள். அந்த மூவரில் கோமதிநாயகத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பெண் பூரணம் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நீங்க வர்ற கார்ல பாட்டுப் போட்டா எங்க தெரு ஜன்னலெல்லாம் ஆடணும்.”

 கோமதிநாயகத்தின் பழைய கார் பாடினால் பக்கத்து சீட்டுக்குக் கேட்கும், அவ்வளவுதான். தென்காசிக்குப் போய் சப்வூஃபர் என்ற அதிரடி ஸ்பீக்கர் ஒன்றும் அதை மாட்டப் பலகைப் பெட்டியும் வாங்கினான். கடைக்காரர் தாசன் அண்ணாச்சி பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்.

“தம்பி, பெட்டிக்குள்ள இருக்கிற காத்து ஒரு பொட்டு வெளிய போகக்கூடாது. ஸ்குரூவை எதிரெதிரா முடுக்கணும். விளிம்பு பூரா சிலிக்கான் பசை போட்டு ஒருநாள் தொடாம விட்டுரு.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மூவரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

“ஏலே, உள்ள இருக்கிறது எந்தக் காத்து?” என்றான் சுடலையாண்டி.

“கடைக் காத்து.”

“பழசுல்லா! பொண்ணு வீட்டுக்குப் பழசையா கொண்டுபோறது?”

 பெட்டியை மலையடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைகீழாகக் கவிழ்த்து, தட்டித் தட்டிப் பழைய காற்றைக் கொட்டினார்கள். மேற்கே பார்த்துப் பிடித்து மலைக்காற்றை நிரப்பினார்கள். பிச்சைக்கனி அதன் வாயைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டான். திரும்பி வரும்வரை யாரும் பேசவில்லை. வாய்க்காற்று கலந்துவிடக் கூடாதே.

ஸ்பீக்கரைப் பொருத்தி, எட்டு ஸ்குரூவையும் பாதிவரை இறக்கினார்கள். அதன்பிறகு சுடலையாண்டியும் பிச்சைக்கனியும் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். ஒருவன் வலப்பக்கம் திருக, மற்றவன் இடப்பக்கம் திருகினான். மத்தியானத்துக்குள் நாலு ஸ்குரூ இறுகியிருந்தன. மற்ற நாலும் கழன்று கையோடு வந்திருந்தன.

“பாதி வேலை சுத்தமா முடிஞ்சிருக்கு,” என்றான் கோமதிநாயகம். மீதி நாலு ஓட்டைக்கும் சேர்த்துப் பசையைப் பிதுக்கினான்.

கல்யாணத்தன்று காலையில் பார்த்தால், ஸ்பீக்கரின் பின்னால் மாட்டியிருக்க வேண்டிய ஒயர் இரண்டும் பெட்டிக்கு வெளியே கிடந்தன. பிச்சைக்கனி பக்கவாட்டில் ஒரு துளை போட்டு ஒயர் முனைகளை உள்ளே தள்ளினான். உள்ளே போனபின் அவை தாமாகப் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும் என்பது அவன் கணக்கு. ஆனால் ஒயர் நூல் பருமன், துளை விரல் பருமன்.

“ஐயோ, மலைக்காத்து!” கோமதிநாயகம் ஆள்காட்டி விரலைத் துளைக்குள் விட்டான்.

“பசை போட்டுருவமா?”

“போட்டா ஒருநாள் தொடக்கூடாது. முகூர்த்தம் ஒம்பதுக்கு.”

“அப்ப விரலே இருக்கட்டும்.”

சுடலையாண்டி வண்டியை ஓட்டினான். மாப்பிள்ளை டிக்கியில் பெட்டியோடு உட்கார்ந்து போனான்.

பூரணத்தின் தெருவில் பாட்டைப் போட்டார்கள். பெட்டியிலிருந்து முனகல்கூட வரவில்லை. கோமதிநாயகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அழாத மாப்ள,” என்றான் சுடலையாண்டி. “காத்தே வெளிய வரமுடியலன்னா சத்தம் எப்படி வரும்? அம்புட்டு அருமையா அடைச்சிருக்கோம்.”

“ஆனா ஜன்னல் ஆடணும்னு சொன்னாளே!”

பிச்சைக்கனி இறங்கிப்போய் தெருவிலிருந்த ஒவ்வொரு ஜன்னலையும் கையால் ஆட்டிவிட்டு வந்தான்.

காரிலிருந்து ஒயரைப் பிடுங்கி, பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு மணமேடைக்கு வந்தார்கள். விரலோடு மாப்பிள்ளையும் கூடவே வந்தான்.

“விரலை எடுங்க, தாலி கட்டணும்லா,” என்றாள் பூரணம்.

“எடுத்தா காத்து போயிரும்.”

 பூரணம் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தாள். “எந்தக் காத்து?”

“மலைக்காத்து. உனக்குன்னு பிடிச்சது.”

“இதை முதல்லயே சொல்ல வேண்டாமா?” அவன் விரல் வெளியே வரவர, தன் விரலை உள்ளே விட்டாள். ஒரு பொட்டுக்கூடப் போகவில்லை. இவளை விட்டால் தனக்கு வேறு பெண்ணே கிடையாது என்று கோமதிநாயகத்துக்குப் பட்டது. கண்கலங்க மூன்று முடிச்சும் போட்டான்.

கெட்டிமேளம் முழங்கியது. பிச்சைக்கனி நாயனக்காரரைப் பார்த்துப் பதறிப்போனான். பாவம், பெரியவர் கன்னம் புடைக்க, உசிரைக் கொடுத்து ஊதுகிறார். அத்தனை காற்றும் குழல் நெடுக ஓட்டை வழியாக வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. மிச்சப் பசையை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினான்.

“நீங்க பாட்டுக்கு ஊதுங்கய்யா,” என்றான். “ஏழே ஓட்டைதான், அடைச்சிருதேன்.”