ஸ்பெயின் மாப்பிள்ளைக்குச் செய்த மரியாதை

கருக்குவேல்பட்டியில் கொம்பையா, மாசானம், தவசி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் வரவேண்டிய புத்தியைத் தங்கை செண்பகவல்லி மொத்தமாக எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே ஹவியேர் என்பவரைப் பிடித்துப்போனது. கல்யாணம் நம் ஊரில்தான் என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டு முறையில் ஏதாவது குறை வந்து கல்யாணம் நின்றுவிடுமோ என்பதுதான் அண்ணன்களுக்கு ஒரே பயம்.

இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளையிடமிருந்து செல்போனில் ஸ்பானிஷ் செய்தி வந்தது. செல்போனே அதைத் தமிழாக்கியும் கொடுத்தது. "கல்யாணம் என்றால் நாங்கள் வீட்டையே ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவோம்."

தடபுடலாகச் செலவழிப்பதை அந்த நாட்டில் அப்படிச் சொல்வார்கள். இது செல்போனுக்கும் தெரியாது, நம் ஆட்களுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு வந்து பெரியம்மா வீட்டில் தங்கியிருந்த தங்கையைக் கேட்கலாமா என்றான் தவசி. கல்யாணப் பெண் மனசு கஷ்டப்படும் என்று கொம்பையா தடுத்துவிட்டார்.

"அவங்க முறை அது. ஒரு கரண்டி பாக்கி இருந்தாலும் பொண்ணு வீட்டுக்காரன் கஞ்சன்னு சொல்லிருவாங்கலே."

முதலில் கரண்டி போனது. பாய், தலையணை, அம்மி எல்லாம் போயின. பீரோ ஜன்னலில் மாட்டிக்கொண்டது. வாசல் வழியாகக் கொண்டுபோய் வெளியே வைத்துவிடலாமே என்றான் மாசானம். மாப்பிள்ளையை ஏமாற்றச் சொல்கிறாயா என்று கொம்பையா கோபப்பட்டு, பீரோவை இரண்டாக அறுத்தார். பிறகு கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, உள்ளே கொண்டுவந்து, ஜன்னல் வழியாக எறிந்தார்கள். நல்ல வேலை வாங்கியது.

கல்யாணத்தன்று காலையில் நாலு சுவரும் ஜன்னலும்தான் பாக்கி. சுவரை இடித்து அதையும் ஜன்னல் வழியாகவே எறிந்தார்கள். கடைசியில் ஜன்னல் மட்டும் தனியாக நின்றது.

"ஜன்னலும் வீடுதானே? அத எந்த ஜன்னல் வழியா எறிய?" என்றான் தவசி.

மூவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை கார் வந்து நின்றது. இறங்கியவர் வாயைப் பிளந்து நின்றார். பிறகு மெதுவாக என்னவோ சொன்னார். மாசானம் நீட்டிய செல்போன் அதைத் தமிழில் சொன்னது. "நான் கல்லாகிவிட்டேன்." திகைத்துப்போனேன் என்கிறார், பாவம்.

கொம்பையாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம்கூட இல்லை. தவசி மாப்பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருக்கிறதே என்றான். வெயிலில் நிற்கிற கல் சுடாதா என்று கேட்டான் மாசானம்.

கல்லாகிப்போனவரைச் சும்மா விடலாமா? தலையில் எண்ணெய் வைத்தார்கள். பால் ஊற்றினார்கள், இளநீர் ஊற்றினார்கள். வேட்டி சுற்றி, மாலை போட்டு, தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். பெண் வீட்டு முறை போலிருக்கிறது, அசைந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று மாப்பிள்ளையும் அசையாமல் நின்றார்.

செண்பகவல்லி பட்டுச்சேலையோடு ஓடி வந்தாள். "அண்ணே, இவர என்ன செஞ்சிய?"

கொம்பையா விம்மிக்கொண்டே தாலியை அவளிடம் நீட்டினார். "கல்லு எப்படிம்மா தாலி கட்டும்? நேரம் போவுது. நீயே அவரு கழுத்துல கட்டிரு. கல்யாணம் மட்டும் நிக்கக் கூடாது."

செண்பகவல்லி வீடிருந்த இடத்தைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்பானிஷில் இரண்டு வார்த்தை சொன்னாள். மாப்பிள்ளை எண்ணெய் சொட்டச் சொட்டக் குனிந்து கழுத்தை நீட்டினார்.

"கல்லே மனசு எறங்கிட்டு பாருலே" என்றபடி கொம்பையா தடாலென்று அவர் காலில் விழ, தம்பிகள் இருவரும் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார்கள்.