கொத்தான் ஏறிய வேலி

வைத்தியர் மரகதவல்லிக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய ஒரே சீடர் சிங்காரவேலுவுக்கு அறுபத்தொன்று. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சலில் படுத்து எழுந்த அவர் மனைவி தைலம்மைக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. முக்காட்டை எடுக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அவளை மறுபடி வெளியே வரவைக்கத்தான் மனிதர் இந்த வயதில் வைத்தியம் படிக்க வந்தார்.

ஒரு வருஷம் இடித்தார், அரைத்தார். மத்தியானச் சாப்பாடு வைத்தியர் வீட்டில். பிறகுதான் முடி வளர்க்கும் எண்ணெய் காய்ச்ச அனுமதி கிடைத்தது. கொத்தான் கொண்டுவரச் சொன்னார் வைத்தியர். பேருக்குக்கூட இலை இல்லாமல், அடுத்த செடியைச் சுற்றிக்கொண்டு அதன் சாற்றை உறிஞ்சி வாழும் கொடி அது. சிங்காரவேலு கூடை நிறைய அள்ளிவந்தார். பெருமை தாங்கவில்லை.

"எதுமேல ஏறியிருந்துச்சு?"

"வேலி மேலம்மா."

"வேலி என்ன செடி?"

அதை அவர் பார்க்கவில்லை.

"எங்க ஏறினீங்கன்னு கேக்காம யாருக்காவது டிக்கெட் கிழிச்சிருக்கீங்களாண்ணே?"

இருவரும் போய்ப் பார்த்தார்கள். வேலி நெடுக அரளி. அரளியைக் குடித்து வளர்ந்த கொடியில் அரளி விஷம்தான் இருக்கும் என்றார் வைத்தியர். சிங்காரவேலு கூடையைக் குழியில் கொட்டி மூடினார். மறுநாள் வெயிலில் அலைந்து, இலந்தை மேல் படர்ந்ததை மட்டும் எடுத்துவந்து நல்லெண்ணெயில் காய்ச்சினார்.

நாலாவது மாதம் ஒருநாள், ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். தைலம்மை முக்காடு இல்லாமல் கடைத்தெருவுக்குப் போனாளாம். மீன்காரியிடம் சண்டைகூடப் போட்டாளாம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மத்தியானம் இலையில் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் யோசித்தார்.

"சொந்தமா ஒண்ணும் கிடையாது. அடுத்தவன் சோத்துல வாழுற கொடி. அதுக்கு இவ்வளவு நல்ல குணம் எப்படிம்மா வந்துச்சு?"

வைத்தியர் அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

"உங்களுக்கு வந்த மாதிரிதாண்ணே. சாப்பிடுங்க."